இயந்திரம் ஓதும் மந்திரம்

“எழுதியது யார், தம்பி?”

“இயந்திரம், அண்ணே.”

“படித்துப் பார்த்தது யார்?”

“எவரும் இல்லை. ஓட்டிப் பார்த்தார்கள், ஓடிற்று. அப்படியே விட்டுவிட்டார்கள்!”

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தான் எங்கள் தெருத் தம்பி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலே கூலி வேலை பார்க்கும் தந்தைக்கு மகன். ‘குடும்பத்தின் முதல் பட்டதாரி’ என்ற சான்றிதழைக் கையிலே பிடித்து, கட்டணச் சலுகை பெற்று, பெரம்பலூர்ப் பக்கத்துப் பொறியியற் கல்லூரியொன்றிலே படித்துத் தேறியவன். இன்று மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நிரலாளன். நான் தமிழ் படித்தவன்; அரியலூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் ஆசிரியன்; நிரல் எழுதும் கலை நான் கற்றதன்று. எனினும் திண்ணையிலே அமர்ந்து அவன் சொன்ன செய்தி, நம் தோழர்கள் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய செய்தி என்று பட்டதால் எழுதுகிறேன்.

எங்கோ ஒரு தொழிற்சாலை. ஊரை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர் பல நூறு பேர். அவர்கள் காலையில் வரும் நேரத்தையும் மாலையில் போகும் நேரத்தையும் கைரேகைக் கருவி குறித்துக்கொள்ளும். மாத முடிவில் கூலிக் கணக்கைக் கணிப்பொறி போடும். அத்தகைய கணக்குக்கான நிரலை முன்பெல்லாம் நான்கு பேர் அமர்ந்து மூன்று வாரம் எழுதுவார்களாம். இம்முறை செயற்கை நுண்ணறிவிடம் சொன்னார்கள். ஒரே பிற்பகலில் எழுதித் தந்துவிட்டது! சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமே — அந்தச் சோதனைகளையும் அதே இயந்திரத்தையே எழுதச் சொன்னார்கள். எழுதிற்று. ஒன்று விடாமல் எல்லாச் சோதனையிலும் தேர்ச்சி! வினாத்தாள் தயாரித்தவனே விடையும் எழுதி, விடைத்தாளையும் தானே திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டால் எந்தப் பள்ளியிலே ஒப்புக்கொள்வார்கள்? அந்த அலுவலகத்திலே ஒப்புக்கொண்டார்கள். விலை பேசி, விற்று, விருந்தும் வைத்துக் கொண்டாடினார்கள்.

இரண்டு திங்கள் கழிந்தன. தொழிலாளி ஒருவர், “எனக்கு ஐந்து நாள் கூலி குறைகிறது” என்றார். மற்றொருவர் ஏழு நாள் என்றார். மேற்பார்வையாளர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? “கணிப்பொறி போட்ட கணக்கு, அது பொய் சொல்லாது, நீதான் வேலைக்கு வந்திருக்கமாட்டாய்!” வியர்வை சிந்தியவனுடைய சொல் பொய்யாயிற்று, விசைப்பலகையிலே பிறந்த சொல் வேதவாக்காயிற்று! ஆனாலும் அவர்கள் விடவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். மனு நகரத்து அலுவலகத்துக்கு வந்து, ‘ஏதாவது பதில் எழுதி அனுப்பு’ என்ற குறிப்புடன் தம்பியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவன் பதில் எழுதவில்லை. நிரலைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான்.

“அழகான நிரல், அண்ணே. நான்கூட அவ்வளவு ஒழுங்காக எழுதமாட்டேன்” என்றான். ஓரிடத்தில் இப்படி இருந்ததாம்: வந்த நேரம் பதிவாகி, போன நேரம் பதிவாகாமல் இருந்தால், அந்த நாளை வராத நாளாகக் கொள்க. கேட்டால் நியாயமாகத்தானே தோன்றுகிறது? சோதனைகளை எழுதிய இயந்திரத்துக்கும் அதுவே நியாயமாகத் தோன்றிற்று, எழுதியதும் அதுதானே! ஆனால் போன நேரம் ஏன் பதிவாகாமற் போகிறது? அங்கேதான், தோழர்களே, தம்பி தன் தந்தையை நினைத்தான். கல்லைத் தொட்டுத் தொட்டு ரேகை தேய்ந்த விரல் அவருடையது. நியாயவிலைக் கடையிலே கருவிமேல் வைத்தால் ஏற்காது. வேட்டியிலே துடைத்து, தலையிலே தடவி எண்ணெய்ப் பசை ஏற்றி, மறுபடி வைப்பார், மறுபடி ஏற்காது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்தத் தொழிற்சாலையிலும் அதே கதைதான். காலையில் கழுவிய கையைக் கருவி ஒருவாறு ஏற்றுக்கொள்கிறது. நாளெல்லாம் மூட்டை சுமந்த கையை மாலையிலே மறுக்கிறது! மேற்பார்வையாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு ஆளை அனுப்பிவிடுகிறார். நோட்டு இயந்திரத்துக்குத் தெரியாது. விரலும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் படித்தபோதுதான் தவறு வெளிப்பட்டது. நிலுவைக் கூலி அடுத்த மாதம் தரப்பட்டதாகச் சொன்னான்.

இந்த இடத்திலே சற்று நிற்போம். அட்டையைத் தேய்த்துவிட்டு அலுவலகம் நுழைகிறவர்களின் பிள்ளைகள் மட்டுமே அந்த அறையிலே அமர்ந்திருந்தால், அந்த வரி அவர்கள் கண்ணை உறுத்தியிருக்குமா? உறுத்தியிருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகன் அங்கே இருந்ததும், இருந்தவன் நிரலைப் படிக்கத் தெரிந்தவனாக இருந்ததும் சேர்ந்தே அந்தத் தொழிலாளர்களின் கூலியை மீட்டன. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் மனுவுக்குப் பதில் மட்டுமே போயிருக்கும்.

இயந்திரம் எப்படி எழுதுகிறது? உலகெங்கும் மனிதர் எழுதிக் குவித்த நிரல்களையும் நூல்களையும் அரைத்துக் குடித்துவிட்டு, இன்ன சொல்லுக்குப் பின் இன்ன சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து அடுக்குகிறது. 2021இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று, சொன்னால் எழுதுவதோடு நில்லாமல், எழுதியதைத் தானே இயக்கவும் செய்கிற முகவர்கள் வந்துவிட்டன. வியக்கத்தக்க அறிவியல் சாதனை. மறுப்பார் மறுக்கட்டும், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது தருவது, நிரல்போல இருக்கக்கூடிய ஒன்று. நிரலாகவும் பெரும்பாலும் இருந்துவிடுகிறது, அதிலேதான் ஆபத்து!

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்திலே மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. “டைனோசர் முட்டை! டைனோசர் முட்டை!” என்று கைப்பேசிகளிலே ஒரே ஆரவாரம். புவியியலார் வந்து ஆராய்ந்து, இவை முட்டைகளல்ல, பண்டைக் கடல் இந்தப் பகுதியிலே பரந்திருந்த காலத்து அம்மோனைட் உயிரிகளின் எச்சத்தோடு திரண்ட படிவக் கட்டிகள் என்றார்கள். முட்டையின் வடிவம் இருந்தது, அளவு இருந்தது, வழவழப்பும் இருந்தது. ஆராய்ந்தவர் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. அதுவரை கண்ணுக்கு முட்டை, கைப்பேசிக்குச் செய்தி!

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இலேயே இப்படி ஆராய்ந்து பார்த்தார்கள். பாதுகாப்புக் குறை நேரக்கூடிய வகைச் சூழல்களாகப் பார்த்துத் தேர்ந்து, கோபைலட்டை எழுதச் செய்து, கிடைத்த 1,689 நிரல்களைச் சோதித்ததில், ஏறத்தாழ 40 விழுக்காட்டில் ஓட்டை. 2024இல் வெளியான வேறோர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. நிரலாளர்கள், பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளைப் பெயர் சொல்லி எடுத்துத் தம் நிரலிலே சேர்ப்பது வழக்கம். 16 மொழி மாதிரிகளைக் கொண்டு 5,76,000 நிரல்களை எழுதச் செய்து பார்த்தால், அவை பெயர் சொல்லிப் பரிந்துரைத்த தொகுப்புகளில் ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லை! இல்லாத வைகுந்தத்துக்கு வாயில் எண்ணிக்கை சொன்ன புராணிகர்களை நாம் அறிவோம். இயந்திரத்திலும் ஒரு புராணிகர் குடியிருக்கிறார். அந்த இல்லாத பெயரிலேயே ஒரு தீயவன் நச்சுத் தொகுப்பை உருவாக்கி வைத்துக் காத்திருந்தால், படிக்காமல் சேர்ப்பவன் வீட்டுக்குள் அவன் நேராக நுழைந்துவிடலாம்.

“இருந்தாலும் வேலை விரைந்து முடிகிறதே!” என்பார்கள். முடிகிறதா? ‘மீட்டர்’ என்னும் ஆய்வு நிறுவனம் 2025இல் தேர்ந்த நிரலாளர் 16 பேரை, அவர்கள் நெடுங்காலம் பழகிய நிரல்களிலேயே 246 பணிகளைச் செய்யவிட்டு நேரம் குறித்தது. இயந்திரத் துணையோடு செய்தவை 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தன. அதைவிட விந்தை, அவர்களைக் கேட்டபோது 20 விழுக்காடு விரைவாக முடித்ததாகச் சொன்னார்கள்! பதினாறு பேரை வைத்து உலகுக்கே தீர்ப்பு எழுதக்கூடாது. கருவிகளும் மாதந்தோறும் மாறிவருகின்றன. எனக்கு உறைத்தது வேறு. கடிகாரம் ஒன்று சொல்ல, உள்ளம் வேறொன்றை நம்பிற்று, அதுவும் கணக்கே தொழிலான அறிவாளருக்கு! கும்பிட்டுவிட்டு வந்ததும் தலைவலி குறைந்துவிட்டதாகச் சொல்லும் என் பெரியம்மாவை இனிமேல் நான் கேலி பேசுவது எப்படி?

மந்திரம் என்று எதைச் சொல்கிறோம்? ஓதுபவனுக்குப் பொருள் தெரியாது. கேட்பவனுக்கு மொழியே தெரியாது. ஆனால் பலன் கிட்டும் என்ற உறுதி மட்டும் இருவருக்கும் உண்டு. அதனாலன்றோ நம் இயக்கம் திருமணத்திலிருந்தே புரோகிதரை விலக்கிற்று! மணமக்கள் தமக்குத் தெரிந்த மொழியிலே, தாம் புரிந்துகொண்ட உறுதியைத் தாமே சொல்லி, கையெழுத்திடுகிறார்கள். அண்ணா முதலமைச்சராயிருந்தபோது அத்தகைய திருமணத்துக்குச் சட்ட ஏற்பும் வந்தது. கையெழுத்திடுகிறவர் எதற்கு இடுகிறோம் என்று அறிந்து இடவேண்டும் என்பதுதானே அங்கே வேர்? படிக்காத நிரலைத் தன் பெயரிலே ஒப்படைக்கும் நிரலாளர், எந்த மொழியிலே தாலி கட்டிக்கொள்கிறார்?

2025 பிப்ரவரியில் ஆந்திரே கார்ப்பதி என்ற அறிஞர், நிரல் என்று ஒன்று இருப்பதையே மறந்து, இயந்திரம் தருவதை எல்லாம் ஏற்றுக்கொண்டே போவதற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் சூட்டினார். வாரக்கடைசியிலே செய்து பார்த்துவிட்டுத் தூக்கியெறியும் விளையாட்டு வேலைக்குப் பரவாயில்லை என்றும் அவரே சொன்னார். பெயர் பரவிற்று, பிற்சேர்க்கை பரவவில்லை. மதுரையிலே பிறந்து கூகுளின் தலைமைக்கு உயர்ந்த சுந்தர் பிச்சை, 2024 அக்டோபரில், தம் நிறுவனத்துப் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் இயந்திரம் எழுதுகிறது என்றார். அதைப் பொறியாளர்கள் ஆய்ந்து ஏற்கிறார்கள் என்று அதே மூச்சிலே சொன்னார். முற்பாதி, நம் ஊர்க் கல்லூரி விளம்பரப் பலகை வரை வந்து சேர்ந்துவிட்டது. பிற்பாதி எங்கே போயிற்று?

பொறுப்பு என்ற சொல்லை அரியலூர்க்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23, விடியற்காலை. அடைமழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்துகொண்டிருந்த விரைவுவண்டி, அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்திலே, வெள்ளம் அரித்துவிட்ட இடத்திலே கவிழ்ந்தது. உறக்கத்திலிருந்த பயணிகளில் 150 பேர் அளவுக்கு மாண்டனர். எங்கள் ஊர் முதியவர்கள் இன்றைக்கும் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அந்தப் பாலத்தை இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாத்திரி கட்டவில்லை. வண்டியை அவர் ஓட்டவில்லை. மழையையும் அவர் பெய்விக்கவில்லை. எனினும் பதவியைத் துறந்தார். நேரு அதனை ஏற்றார். சில திங்களுக்கு முன் மகபூப்நகரிலே நேர்ந்த விபத்தின்போதும் அவர் விலக முன்வந்திருந்தார். துணையமைச்சராயிருந்த அழகேசனாரை, நம் கழகத்தார் எதுகையும் மோனையுமாய் முழக்கமிட்டு 1957 தேர்தலிலே ஊரெங்கும் கேள்வி கேட்டனர். ‘உன் பொறுப்பிலே இருந்தது, நீ பதில் சொல்!’ — குடியாட்சியின் முதற் கேள்வியே அதுதான்.

இப்போது 2025 சூலைக்கு வாருங்கள். ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில் முனைவர், ‘ரெப்லிட்’ என்னும் தளத்தின் நிரல் முகவரைக் கொண்டு ஒரு மென்பொருள் உருவாக்கிக்கொண்டிருந்தார். ‘எதையும் மாற்றாதே’ என்று மீண்டும் மீண்டும் கட்டளையிட்டிருந்தார். முகவரோ, பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது! ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட நிறுவன அலுவலர்களைப் பற்றிய குறிப்புகள் அதில் இருந்தன. மீட்க முடியாது என்றும் சொல்லிற்று; உண்மையில் மீட்க முடிந்தது. கேட்டபோது, பதறிவிட்டேன், பெரும் பிழை செய்துவிட்டேன் என்று உருக்கமாக எழுதிக் காட்டிற்று. பதறுவதற்கு அதற்கு நெஞ்சு ஏது? துறப்பதற்குப் பதவி ஏது? மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தவர் அந்நிறுவனத்தின் தலைவர், கேட்டார். மருதையாற்றுப் பாலமாக இருந்தாலும் மென்பொருளாக இருந்தாலும், கடைசியில் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. படிக்காதவர் என்னவென்று பதில் சொல்வார்?

“இயந்திரத்தைக் கண்டு மிரளும் பத்தாம்பசலி” என்று என்னைச் சிலர் ஏசக்கூடும். ஏசட்டும். ‘இனிவரும் உலக’த்திலே, கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவரும் உடன் வைத்திருக்கும் பொருளாகும் என்று 1940களிலேயே எழுதிய பெரியாரின் வழி வந்தவர்கள் நாம். ஆங்கிலத்திலே தடுமாறும் என் மாணவன், தமிழிலே ஐயம் கேட்டுப் பைத்தான் நிரலைப் புரிந்துகொள்கிறான் — நள்ளிரவிலும் சலிக்காமல், சாதி கேட்காமல், சள்ளென்று விழாமல் விளக்கம் சொல்கிறது இயந்திரம். அதை வேண்டாமென்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? என் அச்சம் வேறு. “நிரல் எழுதக் கற்க வேண்டாம், கேட்கக் கற்றால் போதும்” என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் மேடைபோட்டுப் பேசுகிறார்களே, அதைக் கேட்கும்போதுதான் நெஞ்சு திடுக்கிடுகிறது. பழைய குரல் அது, தோழர்களே! “நீ படிக்க வேண்டாம், படிப்பதற்கென்று நாங்கள் இருக்கிறோம், பலன் உனக்கு வந்து சேரும்” என்று இரண்டாயிரம் ஆண்டு கேட்ட குரல்! அன்று மறுத்தவன் கையிலே ஏடு இருந்தது. இன்று மறுப்பவன் கையிலே மிக நல்ல கருவி இருக்கிறது; அதனால் மறுப்பதாகவே தெரிவதில்லை.

இன்னொன்றும் தம்பி சொன்னான். அவன் சேர்ந்த ஆண்டில் புதியவர்கள் முப்பது பேர். இவ்வாண்டு ஆறு பேர். புதியவர்கள் செய்த சில்லறை வேலைகளை இயந்திரம் செய்துவிடுகிறதாம். சில்லறை வேலையிலே தவறு செய்து, திட்டு வாங்கி, திருத்தித் திருத்தித்தானே பழைய நிரலாளர்கள் எல்லாம் தேர்ந்தார்கள்? இயந்திரம் எழுதியதைப் படித்துக் குறை சொல்லும் ஆற்றல் அவர்களுக்கு அங்கே வந்ததுதானே? நாற்றங்காலை மூடிவிட்டு நடவுக்கு எங்கே போவார்கள்? மூடப்படும் கதவுக்கு வெளியே முதலில் நிற்கப்போவது யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மாமன் மேலாளராய் இருப்பவன் எப்படியோ உள்ளே போய்விடுவான்.

எங்கள் ஊர்ப் படிப்பகம் பழையது. எழுத்தறிந்த ஒருவர் ஏடு படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ அமர்ந்து கேட்ட இடம். மாசி மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் அங்கே ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பிலே பைத்தான் படிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர் வருகிறார்கள். இயந்திரத்தை ஒரு நிரல் எழுதச் சொல்லி, அதைப் பலகையிலே எழுதிப் போடுவார்கள். என் வேலை ஒன்றுதான். நிரல் அறியாத நான், ஒவ்வொரு வரியையும் காட்டி, “இது என்ன சொல்கிறது? ஏன் சொல்கிறது?” என்று கேட்பேன், எனக்கு விளங்கும் தமிழிலே அவர்கள் சொல்லவேண்டும். சொல்ல முடியாத வரியைத் தாண்டக்கூடாது. ஒரு மணி நேரத்தில் பத்து வரி போனால் அன்று விரைவு!

சென்ற ஞாயிறு, படிப்பகத்துக்கு உறுப்பினர் சேர்க்கும் நிரல். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். ஏழாவது வரியிலே, குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும், அதுவும் இரண்டெழுத்துக்குக் குறையாமல் வேண்டும், இல்லையேல் பதிவை ஏற்காதே என்றிருந்தது. பிள்ளைகள் வரியின் பொருளைச் சரியாகவே சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். விடையில்லை. பின்வரிசையிலே ஒரு பெண், தந்தையின் பெயரிலிருந்து ஒற்றை எழுத்தை மட்டும் முன்னே வைத்துக்கொண்டிருப்பவள், எழுந்தாள்.

“இது என்னையே சேர்க்காதே, அய்யா! எனக்கு எழுத்து ஒன்றுதானே?”

பெயருக்குப் பின்னே ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை 1929இலே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே வெட்டியெறியத் தீர்மானித்த செய்தியை அவர்களுக்குச் சொன்னேன். அதற்கு ஒரு கால் மணி ஆயிற்று. அந்தப் பெண் பலகைக்கு வந்து ஏழாவது வரியை அழித்தாள். வேறு என்ன எழுதலாம் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒன்றைத் தேர்ந்து எழுதிவிட்டு, எட்டாவது வரிக்குப் போனோம்.